அன்னிய தேசத்து அடுப்பங்கரை

ஒத்தப்பனைக்குப்பத்து அப்பாதுரை தினமும் ஏழெட்டுத் தடவை வெளிநாடு போய்வந்தான். காலையில் நீராகாரம் குடிக்க ஒரு தடவை, மத்தியானம் கூழ் குடிக்க ஒரு தடவை, சுருட்டுக்கு நெருப்பெடுக்க இடையிடையே சில தடவை. அவன் வீட்டின் கூடம் இங்கிலீஷ் சர்க்காரில் இருந்தது, அடுப்பங்கரை பிரெஞ்சு சர்க்காரில் இருந்தது. கோலியனூருக்குக் கிழக்கே அந்தக் காலத்தில் எல்லை அப்படித்தான் ஓடியது. வரப்பின் மேல் கொஞ்ச தூரம் போகும், ஏரிக்குள் இறங்கும், மறுகரை ஏறும், வேர்க்கடலை போட்ட யாருடைய மல்லாட்டைக் கொல்லையையாவது குறுக்கே வெட்டும். எல்லை போட்ட துரைமார்களுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ தெரியவில்லை.

வீட்டைக் கட்டியவர் அப்பாதுரையின் அப்பா. அவர் தெரியாமல் அங்கே கட்டவில்லை. இரண்டு சர்க்காருக்கும் நடுவில் வீட்டைக் கட்டி, பக்கத்துக்கு ஒரு கதவு வைத்துவிட்டால், ஒரு சர்க்கார் துரத்தும்போது இன்னொரு சர்க்காருக்குள் ஓடிவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம். இரண்டும் சேர்ந்து துரத்தினால் எங்கே ஓடுவது என்று யோசிப்பதற்குள் செத்துப்போனார். மகனுக்கு அவர் விட்டுப்போனது அந்த மண்சுவரும், பனையோலைக் கூரையும், இரண்டு வேப்பம்பலகைக் கதவுகளும்தான்.

1936ஆம் வருஷம் அந்த இரண்டு கதவுகளின் மேல் கோதண்டபாணியின் கண் விழுந்தது. கோதண்டபாணி விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். முன்கதவு வழியாக மூட்டையை உள்ளே போட்டுப் பின்கதவு வழியாக வெளியே எடுத்தால், சுங்கச் சாவடியைக் கண்ணால் பார்க்காமலே சரக்கு நாடு விட்டு நாடு போய்விடும் என்று கண்டுபிடித்தார். வீட்டைக் கேட்டார். அப்பாதுரை கொடுக்க மாட்டேன் என்றான். உடனே அந்த மனை தன் பாட்டன் மனை என்று ஒரு பழைய காகிதம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அப்பாதுரையின் அப்பா பத்திரம் எழுதியது பிரெஞ்சுப் பக்கத்தில். அதனால் அவன் பின்கதவைத் திறந்துகொண்டு போய், அந்தப் பக்கத்து எல்லைக் கோர்ட்டில் வீடு தன்னுடையது என்று வழக்குப் போட்டுவிட்டு வந்தான். கோர்ட்டு ஒன்று சொல்லிவிட்டால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்று அவன் நினைத்தான். உலகத்தில் ஒரு கோர்ட்டுதான் இருக்கிறது என்று நினைத்துவிட்டான், பாவம்.

அந்த வருஷம்தான் விழுப்புரத்திலும் எல்லைத் தாவாக்களுக்கென்றே புதிதாக ஒரு கோர்ட்டுத் திறந்திருந்தார்கள். திறந்து நாலு மாதமாகியும் தாவா வரவில்லை. கோதண்டபாணி படியேறியதும் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள் என்று கேள்வி.

அடுத்த வாரம் கோர்ட்டு அமீனா தேவசகாயம் காக்கிக் கோட்டும் தோளில் டவாலிப் பட்டையுமாக வந்து முன்கதவின் எதிரே நின்றார். கையில் ஒரு நீளமான தாள். அந்தத் தாளைப் பார்த்ததுமே அப்பாதுரை மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"ஐயா, இன்னாங்க அது?"

"தடையுத்தரவு. நீ அன்னிய தேசத்துக் கோர்ட்டுல ஒரு வழக்கு போட்டிருக்கியாமே. அத்த நீயோ, உன் ஆளோ, உன் ஏஜெண்டோ நடத்தக் கூடாது. அந்த வழக்கு சம்பந்தமா அன்னிய தேசத்துக்குள்ள கால் வெக்கக் கூடாது. மீறினா ஆறு மாசம் ஜெயிலு."

"அன்னிய தேசம்னா சீமைங்களா?"

தேவசகாயம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "உன் பொஞ்சாதி அடுப்பு ஊதிக்கினு இருக்குது பாரு, அதான்."

அப்பாதுரை அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "நான் சோறு துன்னப் போவக் கூடாதுங்களா?"

"போலாம்யா. யாரு வாணாம்னா? வழக்கப் பத்தி நெனச்சிக்கினு போனா தப்பு. நெனக்காம போனா தப்பில்ல. கோர்ட்டு அவ்ளோ மோசமில்ல."

அந்தக் கோர்ட்டின் விதிப்படி, உத்தரவைக் கதவில் ஒட்டினால்தான் அது சேர்ந்ததாகக் கணக்கு. ஒட்டுவதற்குப் பசை கொடுக்கும் விதி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. "கூழ் இருக்குதா?" என்று கேட்டார் தேவசகாயம். பாஞ்சாலி மத்தியானத்துக்குக் கிண்டி வைத்திருந்த கேப்பைக் கூழில் பாதி கதவுக்குப் போயிற்று.

"நாங்க துன்றத கதவுக்கு ஊட்றாங்களே, நல்லா இருக்குது நாயம்," என்றாள் பாஞ்சாலி.

"சும்மா இருமே," என்று பதறினான் அப்பாதுரை. "நீ என் ஆளு. நீ பேசினா நான் பேசினதா ஆயிடும்."

அன்றிலிருந்து அவனைப் பயம் பிடித்துக்கொண்டது. பசி எடுத்தால் அடுப்பங்கரை வாசலில் நிற்பான். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கைத் தவிர வேறு எதையாவது நினைக்கப் பார்ப்பான். மல்லாட்டையை நினைப்பான். நல்ல மல்லாட்டை, ஈர மண்ணோடு பிடுங்கிய மல்லாட்டை. ஒரு காலை உள்ளே வைப்பான். மல்லாட்டை என்றால் மண்டி, மண்டி என்றால் கோதண்டபாணி, கோதண்டபாணி என்றால் வழக்கு. ஐயோ என்று கூடத்துக்குத் தாவுவான். தாவியதும் தெருவில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று எட்டிப் பார்ப்பான். மூன்று நாள் இப்படிப் பட்டினி கிடந்த பிறகு, பாஞ்சாலி தட்டை எல்லைக்கு மேலாக நீட்ட, இவன் கூடத்தில் உட்கார்ந்து வாங்கித் தின்றான். அதுவும் குற்றமோ என்ற பயத்தில் ஒவ்வொரு கவளத்துக்கும் தெருவை எட்டிப் பார்த்தான்.

நாலாம் நாள் விழுப்புரம் போய் விருத்தாசலம் வக்கீலைப் பார்த்தான். ரயிலடிக்குப் பக்கத்தில் மாடியில் அவர் ஆபீஸ். தாளைப் படித்துவிட்டு அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

"இருபது வருஷமா பிராக்டீஸ் பண்றேன். இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை. உட்காரு, உட்காரு."

"எஜமான், கோர்ட்டுக்கு எம்மேல இன்னாங்க கோவம்?"

"கோபமா? கோர்ட்டுக்கு ஏதுய்யா கோபம்? அந்தக் கோர்ட்டு மேல இந்தக் கோர்ட்டுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? 'அந்த வழக்கை நிறுத்து'ன்னு அந்தக் கோர்ட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா பாரு. சொல்ல மாட்டான். நாட்டுக்கு நாடு மரியாதை. அந்தக் கோர்ட்டு தாராளமா வழக்கை நடத்தலாம். நீதான் நடத்தக் கூடாது."

"நான் போவலேன்னா வழக்கு எப்பிடிங்க நடக்கும்?"

"அது அவங்க கஷ்டம். அடுத்த நாட்டு விவகாரத்துல நாம தலையிடலாமா?"

"இருவதாந் தேதி அங்க வாய்தாங்க. வரலேன்னா ஊடு எதிராளிக்குன்னு எழுதிடுவாங்களாம்."

விருத்தாசலம் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "போனா ஜெயில். போகாட்டி வீடு போச்சு. எந்தப் பக்கமும் அசைய முடியாது. பிரமாதம். உன் பேர் சட்டப் புஸ்தகத்துல வரப் போகுதுய்யா."

அப்பாதுரைக்குச் சட்டப் புஸ்தகம் வேண்டாம், வீடு போதும். அதைச் சொல்ல வாயெடுத்தான். வக்கீலுக்குக் கோபம் வந்துவிடுமோ என்று பயந்து, கும்பிட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டான்.

வீட்டுக்குத் திரும்பியபோது பின்கதவில் தட்டும் சத்தம். பிரெஞ்சுக் கோர்ட்டின் அமீனா சவுரிராயன், பட்டை போட்ட தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். அவர் கையிலும் நீளமான தாள். இது இன்னும் நீளம்.

"ஒன்னும் பயப்படாதே," என்று ஆரம்பித்தார் சவுரிராயன். அதைக் கேட்டதும் அப்பாதுரை கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டான். "விழுப்புரம் கோர்ட்டு மேல எங்க கோர்ட்டுக்கு மரியாத ரொம்ப ஜாஸ்தி. அவங்க உத்தரவப் பத்தி நாங்க ஒன்னும் சொல்லல. அந்த உத்தரவுக்கு நீ மட்டும் கீழ்ப்படியக் கூடாது. கீழ்ப்படிஞ்சா ஆறு மாசம் ஜெயிலு. அத்த ரத்து பண்ணச் சொல்லி நீ இங்கிலீஷ் எல்லைக்குள்ள போவவும் கூடாது. அது சம்பந்தமா நெனச்சிக்கினு முன்கூடத்துல கால் வெக்காதே."

"நெனக்காம வெக்கலாங்களா?"

"தாராளமா. கூழ் இருக்குதா?"

அன்றைய கூழிலும் பாதி கதவுக்குப் போயிற்று.

இனிமேல் அடுப்பங்கரையில் ஒரு வழக்கை நினைக்கக் கூடாது, கூடத்தில் இன்னொரு வழக்கை நினைக்கக் கூடாது. அப்பாதுரைக்கு வேறு நினைப்பே கிடையாது. கடைசியில் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் இருந்த நிலைப்படி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். எல்லை சரியாக அதன் மேல்தான் ஓடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

"நெலப்படில உக்காராதீங்க, ஊட்டுக்கு ஆவாது," என்றாள் பாஞ்சாலி.

"கீழ எறங்கினா எனக்கு ஆவாதுமே."

அவனைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் பாம்புக்குப் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போது தெருவில் நாய் குரைத்தால் அமீனாவா பார் என்கிறான்.

இரண்டு கோர்ட்டிலிருந்தும் அடுத்த தாள்கள் வந்தன. இருபதாம் தேதி காலை பதினொரு மணிக்கு விழுப்புரம் கோர்ட்டில் நேரில் ஆஜராகி, அதே நேரத்தில் பிரெஞ்சுக் கோர்ட்டில் தான் ஆஜராகவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது ஒன்று. அதே தேதி அதே மணிக்குப் பிரெஞ்சுக் கோர்ட்டில் ஆஜராகி, விழுப்புரத்தில் ஆஜராகவில்லை என்பதை நிரூபிக்க வேண்டும் என்றது மற்றது. இரண்டிலும் கடைசி வரியில் ஜெயில் இருந்தது.

இருபதாம் தேதி அப்பாதுரை எங்கேயும் போகவில்லை. நிலைப்படியில் குந்தியபடி வியர்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கு முன்கதவில் தேவசகாயமும் பின்கதவில் சவுரிராயனும் பிடிவாரண்டோடு நுழைந்தார்கள். ஒருவர் இடது கையைப் பிடித்தார், ஒருவர் வலது கையைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்க மொதல்ல இட்டுக்கினு போங்க," என்றார் தேவசகாயம்.

"சே சே, நீங்க மொதல்ல வந்தீங்க. நாட்டுக்கு நாடு ஒரு மரியாத இல்லியா?"

"மரியாதக்கித்தான் சொல்றேன். நீங்க இழுங்க."

"நான் இழுத்தா உங்க எல்லையில இருந்து ஆளக் கடத்தின மாதிரி ஆயிடும். நீங்க இழுங்க."

"நான் இழுத்தா மட்டும் ஆவாதா?"

இரண்டு பேரும் கையை விடவும் இல்லை. விட்டால் மற்றவருக்கு விட்டுக்கொடுத்ததாக ரிப்போர்ட்டு வரும். அப்பாதுரை நடுவில் இரண்டு கையையும் விரித்தபடி, பல் கிட்டிப்போய், யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி உலக்கையைக் கையில் எடுத்த பிறகுதான் இருவருக்கும் பசி நேரம் என்பது ஞாபகம் வந்தது. வெளியே போய், ஆளுக்கொரு ரிப்போர்ட்டு எழுதினார்கள். எதிரியைக் கைது செய்யச் சட்டப்படி தடை ஒன்றும் இல்லை, வீடுதான் தடை என்று இரண்டு ரிப்போர்ட்டிலும் இருந்தது.

இரண்டு கோர்ட்டும் முதன்முதலாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான். கடிதங்கள் போயின, வந்தன. எந்த நாட்டுக் கௌரவமும் குறையாமல் இரண்டு நீதிபதிகளும் திண்டிவனத்தில் ஒரு பங்களாவில் சந்தித்து, கூட்டாக விசாரிப்பது என்று முடிவாயிற்று. அப்பாதுரை ரயிலேறிப் போனான். பேரணி தாண்டும்போதே அவனுக்குக் காய்ச்சல். கூட வந்த விருத்தாசலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பத்திரிகைக்காரர்கள் வருவார்களா என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

பங்களா ஹாலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடுதான் எல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு நீதிபதி, இந்தப் பக்கம் ஒரு நீதிபதி. அப்பாதுரையை ஒரு கால் இங்கேயும் ஒரு கால் அங்கேயுமாக நிற்க வைத்தார்கள். எந்தக் காலும் மற்றக் காலின் நாட்டுக்குள் போய்விடாமல் டவாலிச் சேவகன் ஒருவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

விழுப்புரம் நீதிபதி பேசினார். விருத்தாசலம் அதைத் தமிழில் அவன் காதில் சொன்னார். "இந்தக் கோர்ட்டு ஆரம்பித்தபோது, இதற்கு வேலை இருக்குமா என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்கு இதோ பதில் நிற்கிறது. இந்த மனிதன் இல்லாவிட்டால் நாங்கள் இருவரும் இன்றைக்குச் சந்தித்தே இருக்க மாட்டோம்."

பிரெஞ்சு நீதிபதி மார்பில் கை வைத்துக்கொண்டு பேசினார். "என் நண்பருடைய உத்தரவை நான் படித்தேன். அதை விட அழகான உத்தரவு என்னால் எழுத முடியாது. அதனால்தான் அதை மீறும்படி ஓர் உத்தரவு எழுதினேன். இவன் இரண்டுக்கும் பயப்படுகிறான் என்று கேட்டபோது, நீதி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்."

இரண்டு பேரும் எழுந்து கோட்டுக்கு மேலாகக் கை குலுக்கினார்கள். டீ வந்தது. டீ குடித்து முடித்த பிறகு, எதிரி ஏதாவது சொல்ல விரும்புகிறானா என்று கேட்டார்கள்.

அப்பாதுரைக்குக் கால் இரண்டும் மரத்திருந்தன. "ஊடு இருந்தா போதுங்க, சாமி," என்றான். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

நீதிபதிகள் மனம் இளகிவிட்டது. அந்த வீட்டைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடு என்று இருவரும் சொன்னார்கள். வழக்கு முடியும் வரை வீட்டுக்கு ஒரு சேதமும் வரக் கூடாது என்று கூட்டாக உத்தரவிட்டார்கள். காற்று, மழை, கறையான், எதிராளி இவை எதுவும் அண்டாமல் இருக்க, வீட்டைப் பிரித்து, கூடத்துச் சாமான்களை விழுப்புரம் கோர்ட்டுக் கிடங்கிலும், அடுப்பங்கரைச் சாமான்களைப் பிரெஞ்சுக் கோர்ட்டுக் கிடங்கிலும் பத்திரமாக வைக்க வேண்டியது.

"ஜெயிச்சிட்டோம்யா," என்றார் விருத்தாசலம்.

பிரிக்க வந்த ஆட்களுக்குக் கூரை ஏறத் தெரியவில்லை. அமீனாக்கள் இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாமதமானால் அதுவும் அவமதிப்பு ஆகுமோ என்று பயந்து, அப்பாதுரை தானே ஏறி, அப்பா கட்டிய கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து ஓலையைக் கீழே போட்டான். விட்டத்தை இறக்கினார்கள், சுவரை இடித்துக் கூடையில் அள்ளினார்கள். நிலைப்படியைச் சரிபாதியாக ரம்பத்தால் அறுத்து, ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். பாஞ்சாலி சட்டிபானைகளை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். அடுப்புக் கல்லுக்கு நம்பர் போட்டுக் கட்டும்போது, "சூடு ஆறல, கையச் சுட்டுக்காதீங்க," என்றாள்.

இரண்டு கதவுகளை மட்டும் விட்டுவிட்டார்கள். உத்தரவு ஒட்டின கதவைக் கழற்றினால் உத்தரவைக் கழற்றின மாதிரி என்று சவுரிராயன் சொல்ல, தேவசகாயமும் ஆமோதித்தார். ஆனால் கதவைத் தாங்கச் சுவர் இல்லை. அதனால் அவற்றை யாரும் கழற்றவில்லை, தானாக விழுந்தன என்று எழுதிக்கொண்டு போனார்கள். புருஷனும் பெண்டாட்டியும் கதவுகளைப் புளியமரத்தடிக்கு இழுத்துப் போய், ஒன்றின் மேல் படுத்துக்கொண்டார்கள், இன்னொன்றின் மேல் சட்டிபானை வைத்துக்கொண்டார்கள். படுக்கும் முன் அந்த மரம் எந்தச் சர்க்காரில் இருக்கிறது என்று அப்பாதுரை மூன்று பேரைக் கேட்டுவிட்டான்.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் கோதண்டபாணி அந்தப் பக்கமாக வண்டியில் வந்து, வெறும் மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். முன்கதவும் இல்லை, பின்கதவும் இல்லை, நடுவில் மூட்டை போட இடமும் இல்லை. அவருக்கு அந்த மனையில் இருந்த பாட்டன் பாசம் அன்றோடு போய்விட்டது. வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

எதிராளி இல்லாத வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கோர்ட்டுகளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பத்து நாளில் இரண்டு தீர்ப்பும் வந்தன. தடையுத்தரவும், தடைக்குத் தடையுத்தரவும் ரத்து. அந்த வீடு முழுக்க முழுக்க அப்பாதுரைக்கே சொந்தம், வேறு எவனும் அதற்குள் நுழையக் கூடாது என்று இரண்டு நாட்டு முத்திரையும் குத்தி எழுதியிருந்தது. கிடங்குச் சாமான்கள் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். இரண்டு கிடங்கிலும் கறையான் என்று தேவசகாயம் வழியில் யாரிடமோ சொல்லியிருந்தார்.

தீர்ப்பைச் சேர்க்க அமீனாக்கள் இருவரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்ததும் அப்பாதுரை மரத்துக்குப் பின்னால் போய் நின்றான்.

"யோவ், வாய்யா இப்பிடி. நல்ல சேதி. நீ ஜெயிச்சிட்டே."

அவன் வரவில்லை. பாஞ்சாலி போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

"ஜல்தி ஒட்டிட்டுப் போவணும், மழ வருது. கதவு எங்க?" என்றார் தேவசகாயம்.

படுத்துக்கொண்டிருந்த கதவைக் காட்டினார்கள். அதன் மேல் ஒட்டலாமே என்றாள் பாஞ்சாலி. தேவசகாயம் தலையை ஆட்டினார். விதியில் கதவு என்றால் நிற்கிற கதவு. படுத்திருந்தால் அது பலகை. பலகையில் ஒட்டினால் தீர்ப்புச் சேராது, சேராவிட்டால் வீடு அப்பாதுரையுடையது இல்லை. சவுரிராயனும் தன் கோர்ட்டில் அப்படித்தான் என்றார்.

"பேஜாரு பண்ணாதேய்யா. தூக்கி நிறுத்து."

அப்பாதுரை முன்கதவைத் தூக்கிக்கொண்டு போய், பழைய வாசல் இருந்த இடத்தில் நிறுத்திப் பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பத்தடி தள்ளி, பின்கதவு இருந்த இடத்தில் பாஞ்சாலி அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஈர மண்ணும் கொஞ்சம் அருகம்புல்லும் இருந்தன. அமீனாக்கள் அன்றைய கூழை எடுத்துக்கொண்டு, அவன் கதவில் ஒருவரும் அவள் கதவில் ஒருவருமாக ஒட்டினார்கள்.

"காயற வரைக்கும் கீழ போடாதே. போட்டா அவமதிப்பு," என்றார் தேவசகாயம்.

அப்பாதுரை கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க," என்று அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலி கூப்பிட்டாள். "ஊடு நம்பள்தா இப்ப?"

"நம்பள்துதாமே. ஒட்டிட்டாங்க."

முதல் தூறல் அவன் முதுகில் விழுந்தது. பிறகு பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. அமீனாக்கள் குடையை விரித்துக்கொண்டார்கள். அப்பாதுரை கதவுக்குப் பக்கவாட்டில் முகத்தை மட்டும் நீட்டி, பயந்து பயந்து கேட்டான்.

"ஐயா, மழ வருதுங்க. உள்ள போலாங்களா?"

தேவசகாயம் ஒரு தடவை தாளைப் படித்துப் பார்த்துக்கொண்டார்.

"இன்னாய்யா கேள்வி இது? ஊடு உன்னுது. தாராளமா போ. பச மட்டும் காயட்டும்."